காலி அறையின் கதவைத் தட்டுகிறவர்

மூன்று முறை தட்டுவார். நடுவிரலை மடக்கி, அதன் கணுவால், அவசரமில்லாமல். பிறகு கதவோரம் காதைக் கொடுத்து, "ரூம் சுத்தம் பண்ண வந்திருக்கேங்க" என்பார். பதில் வராது. வரவும் வழியில்லை. உள்ளே தங்கியிருந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனதை இவரே பார்த்திருப்பார். ஆனாலும் கொஞ்சம் நின்று, இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் சாவி அட்டையைச் செருகுவார்.

"யாருமே இல்லாத ரூமை எதுக்குண்ணே தட்டறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்லேன்னு நாமளா எப்படித் தம்பி முடிவு பண்றது? திடீர்னு உள்ளே போய் நின்னா அவங்களுக்குத் தூக்கிவாரிப் போடாதா?"

போனவர் எப்படி உள்ளே இருப்பார், அவருக்கு எப்படித் தூக்கிவாரிப் போடும் என்றெல்லாம் கேட்டுப் பயனில்லை. ஊழியர் குடியிருப்பில் குளியலறைக் கதவு திறந்தே கிடந்தாலும் தட்டுவார். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது படுக்கையறைக் கதவையும் தட்டியிருக்கிறார். "உள்ளே வேற யாருமில்ல, நீங்க தாலி கட்டினவதான். தாராளமா வாங்க" என்று மனைவியின் குரல் வந்ததாம். இதை அவரே சொல்லி, அவரே சிரிப்பார்.

எங்கள் ஓட்டலில் அவருக்கு நாலுமூலை என்று பெயர். சொந்தப் பெயர் சட்டையில் குத்திய வில்லையில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. விரிப்பை உதறிப் போடும்போது, "நாலு மூலையும் நின்னுட்டா படுக்கை தானா நின்னுடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தடவை. நாள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தால் பெயர் வராமல் என்ன செய்யும்? நான் அடித்தளத்தில் விரிப்பும் துண்டும் தலையணை உறையும் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குப் பொறுப்பாளன். ஓட்டலில் யார் எப்படி என்பது எனக்கு அவர்கள் துணி வாங்குகிற விதத்திலேயே தெரியும். மற்றவர்கள் கட்டோடு வாரிக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கறையிருந்தால் என் முகத்துக்கு நேரே நீட்டுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். நீட்டுவார், அவ்வளவுதான்.

ஒல்லியான மனிதர். முன்பக்கம் வழுக்கை விழுந்து, மிச்சமிருக்கும் முடியை எண்ணெய் போட்டுப் படிய வைத்திருப்பார். மண்டியிட்டு மண்டியிட்டு கால்சட்டையின் முட்டிப் பக்கம் மட்டும் வெளுத்துப் போயிருக்கும். விருந்தினர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அது விதி, எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் இவர் பல் வைத்தியரிடம் போனாலும் நின்றுகொண்டே இருப்பார். "நாற்காலியைப் பார்த்தா தொடைக்கணும்னுதான் தோணுது. உக்காரணும்னு தோணவே மாட்டேங்குது" என்பார்.

படுக்கையைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. கட்டிலின் ஓரத்தில் மட்டும் கசங்கியிருந்தால், "பாவம், பொண்டாட்டியைப் பிரிஞ்சு வந்தவரு" என்பார். தலையணை தரையில் கிடந்தால், "பரீட்சைக்கு வந்த பிள்ளை" என்பார். தப்பாகத்தான் போகும். ஒரு தடவை கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் லேசாக அழுந்தியிருந்தது. சோபாவில் போர்வை கிடந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை, அந்த அம்மா புருஷனைச் சோபாவுக்குத் துரத்திவிட்டார் என்று எங்களிடம் சொல்லி உச்சுக்கொட்டினார். மறுநாள் விசாரித்தால், வந்தவர் தனியாள். ஆளுயர வாத்தியம் ஒன்றைக் கட்டிலில் படுக்க வைத்து, போர்வையும் போர்த்திவிட்டு, தான் சோபாவில் தூங்கியிருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டோம். அவர் அசரவில்லை. "ஒருத்தர் மேல அக்கறையா இருந்திருக்காருல்ல? அதைச் சரியாத்தானே சொன்னேன்" என்றார்.

இத்தனை பேசுகிறவர் கையில் வேலை இல்லாவிட்டால் ஊமை. சாப்பாட்டு நேரத்தில் வாய் திறக்க மாட்டார். வீட்டோடு போனில் முகம் பார்த்துப் பேசும்போதும் அப்படித்தான். எதிரே மனைவி, மகன், மகள் என்று மாறி மாறி வந்து கத்துவார்கள், இவர் "ம்", "ம்" என்றபடி இருப்பார். பிறகு ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பிப்பார். மடிக்க மடிக்கப் பேச்சு வரும். மகளின் காய்ச்சல், மழைக்கு ஒழுகுகிற கூரை என்று எல்லாம் அந்த உறையோடு சேர்ந்து மடிப்பு மடிப்பாக வெளியே வரும். அதற்காகவே பழைய உறை ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். தொலைவில் இருக்கிற குடும்பத்தை ஒரு மனிதர் இப்படியும் வளர்க்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆசியாவில் விமானம் மாறுவதற்கென்றே சில ஊர்கள் இருக்கின்றன. நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊர் அதில் ஒன்று. அடுத்த விமானத்துக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியவர்களை விமானக் கம்பெனிக்காரர்கள் பஸ்ஸில் ஏற்றி எங்கள் ஓட்டலில் கொண்டுவந்து விடுவார்கள். மாலையில் வருவார்கள்; மறுநாள் மதியத்துக்குள் அதே பஸ்ஸில் போய்விடுவார்கள். அவர்கள் ஓட்டலை விட்டு வெளியே காலெடுத்து வைக்க அனுமதியில்லை. பாஸ்போர்ட் கீழே வரவேற்பில் இருக்கும். பெரும்பாலும் வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகள். முதுகில் பை, கழுத்தைச் சுற்றி ஒரு தலையணை, கண்ணில் பாதித் தூக்கம்.

நாலுமூலையின் மகனும் வெளிநாட்டில் படிக்கிறான். கட்டடப் பொறியியல். அவன் போனதிலிருந்து அப்பாவின் விடுமுறையும் பிள்ளையின் விடுமுறையும் ஒரு தடவைகூட ஒத்துவரவில்லை. இவர் வீட்டில் இருந்தபோது அவனுக்குப் பரீட்சை; அவன் வீட்டில் இருந்தபோது இங்கே அறைகள் நிரம்பி வழிந்தன. இந்த முறை அவன் வீட்டிலிருந்து கல்லூரிக்குத் திரும்பும்போது எங்கள் ஊர் வழியாக வருகிற டிக்கெட்டாகப் பார்த்து எடுத்தான். சுற்று வழி. "பைத்தியக்காரப் பய" என்று திட்டினார் அவர். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லெல்லாம் தெரிந்தது.

சிக்கல் என்னவென்றால், அவன் மாலை பஸ்ஸில் வரும்போது இவருடைய வேலை முடிந்து, ஊழியர் வண்டி கிளம்பிவிட்டிருக்கும். வேலை முடிந்த ஊழியர் ஓட்டலுக்குள் நிற்கக் கூடாது. தங்குகிறவர் நமக்குச் சொந்தம் என்று தெரிந்தாலோ, அந்த மாடிக்கே அனுப்ப மாட்டார்கள். எப்போதோ யாரோ செய்த வம்புக்கு எல்லாருக்கும் கட்டுப்பாடு. ஆகவே இவர் யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னைத் தவிர. மகனிடம் போனில் சொல்லிவைத்தார்: "காலையில கதவுல ரூம் சுத்தம் பண்ணுங்கன்னு அட்டையை மாட்டி விடு. நான் வந்துடறேன்." ஓர் அறையைச் சுத்தம் செய்ய ஆகிற நேரம். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கிடைத்தது அவ்வளவுதான்.

அன்று காலை என் அறைக்கு வந்தவரைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வழித்த முகம். கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தேய்த்த சட்டை. வழக்கமாகக் கறையைத்தான் நீட்டுவார். அன்று வாய்விட்டுக் கேட்டார்.

"தம்பி, புதுசு ஏதாவது பிரிக்காம வெச்சிருக்கியா?"

"யாருக்குண்ணே, மந்திரியா வந்திருக்காரு?"

"கிண்டல் பண்ணாத. எங்கெங்கேயோ இருந்து வர்றவன் எல்லாம் நான் விரிச்ச படுக்கையில தூங்கிட்டுப் போறான். எம்பிள்ளை ஒரு நாள்கூடத் தூங்கினதில்ல தம்பி. அவன் பொறந்தப்பவும் இங்கதான் இருந்தேன்."

இதற்கு மேல் என்னால் கிண்டல் பண்ண முடியவில்லை. அடியிலிருந்து புதுக் கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். மெத்தையைத் திருப்பிப் போட ஒரு ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் தள்ளுவண்டியோடு வாசலில் நின்று, சூப்பர்வைசர் அம்மா வருகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் உண்மையான வேலை.

மூன்று முறை தட்டினார். கதவு உடனே திறந்தது.

"குட்மார்னிங் சார்" என்றது அவர் வாய். பழக்கதோஷம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னப்பா இது!" என்றான் பையன். அப்பாவைவிட ஒரு சாண் உயரம். இவர் அண்ணாந்து பார்த்தார். கை நிறைய விரிப்புகள் இருந்ததால் அவனைத் தொட முடியவில்லை. அவனோ விரிப்புகளையும் சேர்த்தே அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

"வாங்கப்பா, உக்காருங்க."

"உக்காரக் கூடாதுடா."

"பரவாயில்லப்பா. உங்களுக்கு இந்த ரூம்ல வேலையே இல்ல. எல்லாம் பார்த்துட்டேன்."

பார்த்துத்தான் வைத்திருந்தான். குப்பைக்கூடை காலி. குளியலறைக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துண்டு மடித்தபடி. படுக்கை சுருக்கமில்லாமல் விரித்தபடி. நின்று பேசிக்கொண்டே இருக்கலாம் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பிசகு. அப்பாவின் கைக்கு வேலை இல்லை என்றால் பேச்சும் இல்லை என்பதை அவன் போனில் பார்த்திருக்கிறானே ஒழிய, யோசித்ததில்லை. இவர் விரிப்புகளை நாற்காலியில் வைத்தார். மறுபடி எடுத்தார். "அம்மா நல்லாருக்காளா?" என்றார். "நல்லாருக்காங்கப்பா" என்றான். "ம்" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் காத்திருந்து, இரண்டு பேரும் வேற்றாள் மாதிரி நிற்கிறார்களே என்று வாசலில் எனக்குத்தான் தவிப்பாக இருந்தது.

பேச ஒன்றும் அகப்படாமல் அவர் கட்டில் பக்கம் போனார். குனிந்து மூலையைத் தொட்டார். பிறகு அடுத்த மூலை. நிமிர்ந்தார்.

"இது உன் கை மடிப்பு இல்லையே."

பையன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"இது நேத்து இந்த மாடி பார்த்த நெட்டையன் போட்ட மூலை. அவன்தான் உள்ளே சொருகாம சும்மா மடக்கி விடுவான். நேத்து போட்டது போட்டபடி இருக்கு." குரல் மாறிவிட்டது. "நீ இதுல படுக்கவே இல்ல. எங்கடா தூங்கினே?"

பையன் ஜன்னலோரம் தரைவிரிப்பைப் பார்த்தான். முதுகுப்பை அங்கே தலைமாட்டு மாதிரி சாய்ந்து கிடந்தது. அதன் மேல் அவனுடைய குளிர்ச்சட்டை.

"கசங்கிடுமேன்னுப்பா. நீங்கதானே வந்து மறுபடி விரிக்கணும். இடுப்பு வலிக்குதுன்னு அம்மா சொன்னாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் படுக்கையைப் படித்தது சரியாக இருந்தது. அதைச் சொல்லிக் கேலி பண்ண எனக்கு அப்போது மனம் வரவில்லை.

அவர் நெட்டையனின் விரிப்பை ஒரே இழுப்பில் உருவினார். தலையணைகளைப் பிடுங்கித் தரையில் போட்டார். "அப்பா, அந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்" என்று பையன் வந்தான்.

"தள்ளி நில்லு. தரையில படுக்கவா உன்னை அவ்வளவு தூரம் படிக்க அனுப்பினேன்? இடுப்பாம் இடுப்பு. அவளுக்கு வேற வேலை இல்ல." புது விரிப்பு அந்தரத்தில் எழும்பி இறங்கியது. பேச்சும் வந்துவிட்டது. "அங்க குளிருக்கு என்ன போத்திக்கிறே? மெல்லிசாத்தான் வெச்சிருப்பே, எனக்குத் தெரியாதா. பல் வலின்னியே, காட்டினியா? தங்கச்சி கணக்குல ஏன் இப்படிக் கோட்டை விடறா? நீ சொல்லிக் குடுக்கக் கூடாதா? அந்தக் கூட்டாளிப் பயலோட சண்டை தீர்ந்துச்சா?" பையன் சுவரோரம் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்; சிரித்தான்; கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூலை மூலையாகச் சுற்றி வந்தார். "நாலு மூலையும் நின்னுட்டா படுக்கை தானா நின்னுடும்" என்று அன்றைக்கும் சொன்னார். எனக்கென்னவோ வழக்கத்தைவிட மெதுவாக விரித்தது போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டார். "இந்த வண்டி ஏன் இங்கேயே நிக்குது?"

"மெத்தையைத் திருப்பிப் போடறாருங்கம்மா."

"இவ்வளவு நேரமா? மெத்தையைத் திருப்பறாரா, மாடியையே திருப்பறாரா?" என்று முறைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார். எனக்கு வியர்த்துவிட்டது.

உள்ளே படுக்கை முடிந்திருந்தது. "படு" என்றார்.

"பஸ் வந்துடுமேப்பா. கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாமே."

"நான் எழுப்பறேன். நீ படு."

பையன் கால்களைத் தட்டிவிட்டு, உடைந்துவிடும் என்று பயந்தவன் மாதிரி ஓரமாகப் படுத்தான். "நடுவுல படுடா" என்றார். நகர்ந்து படுத்தான். போர்வையை இழுத்து விட்டார். அவன் கல்லூரியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனான். பிரயாணக் களைப்பு, தரையில் புரண்ட களைப்பு. பேசுவதற்காக மிச்சமிருந்த நேரத்தை அவர் அவனுடைய தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் நின்று பார்த்தார். வெளியே வந்து கதவைச் சாத்தி, சுத்தம் பண்ணச் சொல்லும் அட்டையைக் கழற்றிவிட்டு, தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையை மாட்டினார். அந்த அட்டை தொங்குகிற கதவை எங்களில் யாரும் தட்டக்கூட மாட்டோம்.

அடுத்த அறையைத் தட்டினார். அதற்கடுத்ததைத் தட்டினார். காலி அறைகள்தான். என்றைக்கும் போல மூன்று முறை. ஆனால் அன்று தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பஸ் வந்து நின்றதும் நான் மேலே ஓடிவந்து சொன்னேன். அவர் கையிலிருந்த துண்டை வண்டியில் வைத்துவிட்டு மகனுடைய கதவுக்கு முன்னால் போய் நின்றார். நடுவிரலை மடக்கினார். கை கதவு வரை போய், அப்படியே நின்றது. தொங்குகிற அட்டையைப் பார்த்தார். விரலைப் பிரித்தார். குனிந்து இரண்டு ஷூக்களையும் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தார். சாவி அட்டையைச் செருகி, தட்டாமல் உள்ளே போனார்.