இரட்டை நூல் போட்ட சம்பந்தி

நூலைப் பல்லால் கடித்து, ஊசியில் கோத்து, அதை முக்காட்டில் செருகிக்கொண்டு தேநீர்க் கிண்ணங்களோடு விருந்தறைக்குள் நுழைவாள் சோனுன். நாரின் நகர மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. வேலை நேரத்தில் அவள் வாயிலிருந்து வருவதெல்லாம், "மூச்சப் புடி. விடு. போ." நோயாளி இருமினால்கூட முறைப்பாள்.

கல்யாண வீட்டிலோ வேறு ஆள். சம்பந்திகள் நீள மெத்தையில் வரிசையாகச் சம்மணமிட்டதும், தேநீர் ஊற்றும் சாக்கில் பின்னால் மண்டியிட்டு, அவர்களுடைய அங்கி ஓரத்தை மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். அந்த ஊர் வழக்கப்படி பெண்வீட்டுக்காரிகளுக்கு இந்தக் கேலிக்கு உரிமை உண்டு; பதிலுக்கு அவர்கள் முகத்தில் மாவு பூசச் சம்பந்திகளுக்கும் உண்டு. ஆனாலும் அண்ணன் கெனேஷ் தலையில் அடித்துக்கொள்வார்.

"இந்த வயசுல உனக்கு இது தேவையா?"

"நாள்பூரா மண்டையோட்டுப் படம் பாக்குறேண்ணே. எல்லாம் பல்லக் காட்டுது. ஒண்ணாவது சிரிக்குதா?"

போன மாதம் கெனேஷின் மகள் மீரிமுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கும் விருந்து. "மாப்பிள்ளையோட அப்பா கோவக்காரர். இன்னைக்காவது சும்மா இரு," என்றார். தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுத்தாள் சோனுன்.

ஆனால் வினையை இழுத்தவர் கெனேஷ்தான். வெந்த ஆட்டுத்தலையை மரியாதையாக மூத்த சம்பந்தி முன்னால் வைக்கவேண்டும். வெள்ளைத்தாடியை நம்பி, மாப்பிள்ளையின் சித்தப்பா முன்னால் வைத்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா ஜொல்தோஷ்தான் மூத்தவர்; அவருக்குத் தாடியே கிடையாது.

"தம்பிக்குத் தலை, எனக்கு எலும்பா? இந்தச் சம்பந்தமே வேணாம். எந்திரிங்கடா."

கதவோரம் நின்ற மீரிமின் முகம் வெளுத்தது.

ஜொல்தோஷ் எழுந்தார். மெத்தையும் கூடவே எழுந்தது. தம்பி ஆட்டுத்தலையை அணைத்தபடி மல்லாந்தார். அவர்மேல் பக்கத்திலிருந்த இன்னொரு சம்பந்தி சரிந்தார். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

"எவ தச்சது?"

"நான்தான் சம்பந்தி," என்றாள் சோனுன், எக்ஸ்ரே அறைக் குரலில். "போறதுன்னா பிரிச்சு விடுறேன். கொஞ்சம் நேரமாகும். மத்தவங்களுக்கெல்லாம் ஒத்த நூல். மூத்தவர்னு உங்களுக்கு மட்டும் ரெட்டை நூல் போட்டிருக்கேன்."

ஜொல்தோஷ் தம்பியின் அங்கியைச் சுண்டி இழுத்தார். நூல் பட்டென்று அறுந்தது. தன்னுடையதை இழுத்தார். அசையவில்லை. இன்னொரு முறை, பலமாக. ம்ஹூம்.

மெதுவாக உட்கார்ந்தார். ரொட்டியின் அடியில் ஒட்டியிருந்த மாவை விரலில் வழித்து, சோனுனைக் கிட்டே கூப்பிட்டு, அவள் மேலுதட்டில் பெரிய மீசை ஒன்றை வரைந்து, இரண்டு முனையையும் நிதானமாக முறுக்கிவிட்டார்.