மெதுவான பந்து

கட்டபெட்டு டீ ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடும் ரேச்சலுக்கு வயது முப்பத்திரண்டு. நீலகிரி பெண்கள் சாஃப்ட்பால் அணியில் பந்து எறியும் பிட்சரும் அவள்தான். முதல் பஸ்ஸைப் பிடித்துக் குன்னூர் மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. வலது தோள் நேற்றிலிருந்தே வலித்தது. லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நின்றது அதைவிடப் பெரிய வலி.

கோச் நல்லசாமி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"ஏம்மா ரேச்சல், சுமாரா ஆடுறவங்கள நீ ஒண்ணுமில்லாம பண்ணிர்றே. நல்லா ஆடுறவங்க வந்தா அடி வாங்குறே. இன்னிக்கும் அப்படின்னா, அடுத்த மேட்ச்ல இருந்து லிஜி எறியட்டும். உனக்கும் ஓய்வு வேணுமில்ல?"

"சரிங்க சார்."

லிஜி கல்லூரியில் படிக்கிறாள். கை எங்கும் வலிக்காத வயது. ஓய்வு வேண்டும்தான், இப்படி வருகிற ஓய்வு வேண்டாம். ஃபேக்டரியில் ரேச்சல் எடைக்காரம்மா. வீட்டில் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள். பந்து எறிகிற அந்தச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிற்கும்போது மட்டும்தான் அவள் கை அசைவதற்காக ஒரு மைதானமே காத்துக்கொண்டிருக்கும். அதையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

நல்ல பேட்டருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. நாலு பந்து பார்த்தால் ஐந்தாவதை வெளுத்துவிடுவாள். அவளைத் திணறடிப்பது சந்தேகம் ஒன்றுதான். அதே கைவீச்சு, அதே காலடி, அதே முகம். அதிலிருந்து ஒரு பந்து பாய்ந்து வர வேண்டும். இன்னொன்று பாய்வதுபோலக் கிளம்பிப் பாதி வழியில் சோம்பிப்போக வேண்டும். மட்டையை எப்போது சுழற்றுவது என்று அவளுக்குத் தெரியவே கூடாது. இதெல்லாம் ரேச்சலுக்கு மனப்பாடம். கைவீச்சைச் செல்போனில் படமெடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தும் குறை அகப்படவில்லை. எட்டு வருடத்துக்கு முன் ஊட்டியில் மாநில அணித் தேர்வு நடந்தபோதும் அவளுடைய மெதுவான பந்துகளைத்தான் பொறுக்கிப் பொறுக்கி அடித்தார்கள். ஏன் என்று யோசித்து யோசித்து அலுத்தே போய்விட்டாள்.

எதிரணி ஈரோடு. அதில் கோகிலவாணி இருந்தாள். கல்யாணமாகி மலையிறங்கி ஈரோட்டுக்குப் போகும்வரை ரேச்சலின் பந்தைப் பிடித்த கேட்ச்சர் அவள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். இன்றைக்கு அவள் கையில் மட்டை. முதல் முறை வந்து மெதுவான பந்தை அடித்துத் தூக்கினாள். இரண்டாம் முறையும் அதையேதான் செய்தாள்.

கடைசி இன்னிங்ஸ் வந்தது. நீலகிரிக்கு ஒரு ரன் அதிகம். ஈரோட்டில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மட்டையோடு வந்தவள் மறுபடியும் கோகிலாதான். பனி இறங்கி எல்லைக்கோடே தெரியவில்லை. வேகமாக எறிந்த இரண்டும் ஸ்டிரைக். இன்னும் ஒன்று விழுந்தால் அவள் அவுட், ஆட்டமும் முடியும். அதையும் வேகமாக எறியத் தோளில் தெம்பு இல்லை. மெதுவாகவே போட்டுவிடலாம் என்று ரேச்சல் மரத்துப்போன விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.

கோகிலாவின் கண் பந்தின் மேல் இல்லை. ரேச்சலின் வாயின் மேல் இருந்தது.

ரேச்சலுக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவான பந்துக்கு விரல்நுனியில் உணர்வு வேண்டும். அதனால் அதற்கு முன் மட்டும் ஊதிக்கொள்கிறாள். இந்தக் குளிரில் கையில் ஊதாதவர் யார்? யாரும் அதைக் குறையென்று நினைக்கவில்லை. செல்போனிலும் கைவீச்சைத்தான் எடுத்தார்கள், அதற்கு முந்தியதை எடுக்கவில்லை.

அவள் இன்னொரு தரம், நன்றாகத் தெரியும்படி ஊதினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த வேகத்தையெல்லாம் சேர்த்து எறிந்தாள். மெதுவானதற்குக் காத்திருந்த கோகிலா மட்டையைச் சுழற்றுவதற்குள் பந்து கேட்ச்சரின் கையுறைக்குள் போய்விட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் கத்தினார்கள். நல்லசாமி வந்து, "அடுத்த மேட்ச்லயும் நீதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ரேச்சல் பெஞ்சில் போய் விழுந்தாள். கோகிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியில கண்டுபுடிச்சுட்டியே, புள்ள."

"உனக்கு எப்பருந்து தெரியும்?"

"புடிச்சுட்டிருந்த காலத்துலருந்தே. நீ ஊதுனா மெதுவாத்தான் வரும்னு எனக்குச் சைகையே வேண்டியதில்லையே."

"ஊட்டி செலக்சன்லயும் தெரியுமா?"

கோகிலா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

"தெரியும். அடிச்சவளுகளும் பாத்துட்டாளுகன்னும் தெரியும். அப்பத்தான் எங்கூட்டுல மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாங்க. நீ செலக்ட் ஆனா ஒரேயடியாப் போயிருவே. எனக்குன்னு யாரு இருக்கா? சொல்ல வாய் வரல, புள்ள."

ரேச்சலுக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விட வேண்டும், இனி இவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று தோன்றியது. வியர்வை காய்ந்து உடம்பு நடுங்கியது. பெஞ்சில் கிடந்த தன் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். வலது கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. மறுபடி முயன்றாள், முடியவில்லை.

கோகிலா ஸ்வெட்டரை வாங்கி விரித்துப் பிடித்தாள். ரேச்சல் அவளைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.