முத்திரை வீட்டில்தான் இருந்தது

முத்திரை என் வீட்டில்தான் இருந்தது. கந்தோரில் இருப்பதாகச் சொன்னேன். அது பொய்.

நீங்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். காரணம் சொல்வதில் எனக்கு நீண்ட அனுபவம்.

போர்க்காலத்தில் பிரதேச செயலகம்தான் என் கந்தோர்; அங்கே ஒரு பொறுப்பான நாற்காலி என்னுடையது. தரைப்பாதை மூடியிருந்ததால், குடாநாட்டிலிருந்து கப்பலில்தான் கொழும்பு போகலாம்; அதற்கான அனுமதிப் பத்திரத்தில் என் முத்திரை வேண்டும். யாரும் களவாகக் குத்திவிடக் கூடாதென்று மாலையில் அதைத் தோல்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஒழுங்கு, நானே இயற்றியது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம்... நெல்லியடியில் என் வீட்டு வாசற்படலையடியில் இராசமலர் நின்றார். தொண்டைமானாற்றில் கடற்றொழில் செய்த ஒருவரின் மனைவி.

"ஐயா, அவருக்கு நெஞ்சு வருத்தம். உடனை கொழும்புக்குக் கொண்டுபோகட்டாம். கப்பல் விடிய வெளிக்கிடுது. உங்கடை சீல் ஒண்டுதான் குறை."

"இண்டைக்கு ஞாயிறெல்லே? சீல் கந்தோரிலை கிடக்கு. நாளைக்கு வாங்கோ."

தோல்பை என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம். எழுப்பிவிட்டார் என்ற எரிச்சல். அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்று எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா? ஒரு பயம்... ஒரு மேலிடத்துக் கட்டளை...

திங்கட்கிழமை குத்திக் கொடுத்தேன், மை பரவாமல், நேர்த்தியாக. கப்பல் போய்விட்டிருந்தது. அடுத்த கப்பல் வருமுன் மனிதர் போய்விட்டார்.

செத்தவீட்டில் எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நானும் தலையாட்டினேன். இராசமலர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நீங்கள் என்ன செய்வியள் ஐயா? உது அரசாங்கத்தின்ரை வேலை."

ஓய்வு பெற்றபின் நிறைய வாசித்தேன். அரசும் ஓர் ஆள்தான் என்று வாசிகசாலையில் அழகாக வாதாடுவேன். ஆட்சிகள் மாறும், அதிகாரிகள் ஓய்வூதியம் எடுப்பார்கள். அந்த ஆள் மட்டும் சாவதில்லை. ஆகவே பழைய குற்றத்துக்கும் அவரே பதில் சொல்லவேண்டும். இப்போதும் இதை நம்புகிறேன். பாதையை மூடியது நானல்லவே!

ஆனால் அந்த ஆளுக்குக் கை கிடையாது. மதிய நித்திரையும் கிடையாது. இரண்டையும் கொடுத்தது யார்?

ஒருநாள் இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் இடைமறித்தார். "ஆளெண்டால் விலாசம் இருக்கவேணுமே, ஐசே. உவர் எந்தத் தெரு, எந்த ஒழுங்கையிலை இருக்கிறார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விலாசம் எனக்குத் தெரியும்.

மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் கனடாவில், கைத்தொலைபேசித் திரைக்குள் இருக்கிறார்கள். என் படலையைத் திறந்துகொண்டு வருகிற ஒரே மனிதர் இராசமலர். வெள்ளிக்கிழமைகளில் சந்நிதிக் கோயிலில் கும்பிட்டு, எனக்கும் திருநீறு கொண்டுவருவார். தேத்தண்ணி குடித்து, கொஞ்சம் கதைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அடுத்த வெள்ளி வரை இந்த வீட்டில் குரல் இல்லை.

போன வெள்ளி வந்தபோது, போர்க்காலச் சாவுகளை விசாரிக்க ஒரு குழு வருகிறதாம் என்றார்.

"நான் போய்ச் சொல்லப்போறன் ஐயா. நீங்களும் வாங்கோ. ஞாயிற்றுக்கிழமை சீலைக் கந்தோரிலை ஏன் பூட்டி வைச்சவையள் எண்டு அரசாங்கத்தைக் கேளுங்கோ. உங்களைப்போலை ஆர் கேப்பினம்?"

அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

"உங்களிலை பிழையில்லை எண்டும் சொல்லுவன். பயப்பிடாதேங்கோ."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அடுத்த வெள்ளி யார் வருவார்?

"ஓம்," என்றேன். "வாறன்."

அங்கே நான் எந்த வாயால் கேட்பேன்? எனக்குத் தெரியாது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் என் படலையைத் திறந்துகொண்டு வரப்போவதில்லை.