பல்லுக்கு இரண்டு தேர்

காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை எனக்கு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் விரல் தோல் உரியும். சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்போம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடைவாய்ப் பல் குடைந்தது. கூட வேலை செய்தவள் சொன்னாள்: "கையவே பொசுக்குற எண்ண, பல்லுப் பூச்சியப் பொசுக்காதா?" எனக்கும் சரி என்று பட்டது. குச்சியில் பஞ்சு சுற்றி, அந்த எண்ணெயைத் தொட்டுப் பல்லில் வைத்தேன்.

பூச்சி செத்ததோ இல்லையோ, ஈறு வெந்துபோனது. மூன்று நாள் கஞ்சி. அப்புறம்தான் சிதம்பரம் போனேன், பல் ஆஸ்பத்திரிக்கு. ஆனித் தேர் முடிந்த மறுவாரம் அது.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. "என்னம்மா வச்சீங்க, இப்பிடி வெந்திருக்கு?"

"முந்திரி எண்ண."

"முந்திரில எண்ணயா?"

"ஓட்டுல."

அந்தப் பொண்ணு மறுபடி விளக்கடித்துப் பார்த்தது. பூச்சி என்று ஒன்றும் கிடையாது, சொத்தைதான் என்றது. புண் ஆறினதும் பல்லைப் பிடுங்கியது. "முன்னாடியே வந்திருந்தா அடைச்சிருக்கலாம்மா. இனிமே வலி இல்லன்னாலும் ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி வாங்க."

ஆறு மாதத்தை எண்ணி வைக்க எனக்கு வராது. சிதம்பரத்தில் வருஷத்துக்கு இரண்டு தேர். ஆனியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. நடுவில் ஆறு மாதம். தேர் முடிந்த மறுவாரம் பல்லுக்கு என்று வைத்துக்கொண்டேன். போன பல் போகட்டும். இனி ஒன்றையும் விடக்கூடாது.

வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல மாமா."

"வலிக்காத பல்லுக்கு எதுக்குடி சிதம்பரம்? தேர் பாக்கப் போறேன்னு சொல்லேன்."

"தேர் போன வாரமே முடிஞ்சிடுச்சு."

ஆறு வருஷம் இப்படியே போனேன். சில தடவை ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். சில தடவை சுத்தம் செய்தார்கள். வேலை ஒரு நாள் போகும். போகட்டும்.

தானே புயல் அடித்த மார்கழியில் எங்கள் பக்கம் முந்திரி மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. வேலை இல்லை, கரண்ட் இல்லை. சிதம்பரத்தில் தேர் ஓடி முடிந்ததாகச் சொன்னார்கள். மறுவாரம் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். "மரமே போச்சு. பல்லு என்னாத்துக்குடி இப்ப?"

"மரம் வச்சா வளரும் மாமா. பல்லு வளராது."

வடலூர் போய் பஸ் மாறினேன். வழியெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் இப்போது வேறு டாக்டர். பிடுங்கின இடத்துக்குப் பக்கத்துப் பல்லில் கடுகு அளவு ஓட்டை என்றார். எனக்கு வலியே தெரியவில்லை. அன்றைக்கே அடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "என்னா சொன்னாங்க?"

"ஓட்ட இருந்துச்சு. அடச்சாச்சு."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். கன்னத்தை ஒரு தரம் தடவிக்கொண்டார். "ஆனித் தேர் எப்ப வருது?" என்றார்.