வழவழப்பான பக்கம்

நேற்று வந்த கல்யாணப் பத்திரிகையில் மை வாசம். என் விரல் தானாகவே வழவழப்பான பக்கத்தைத் தேடியது.

நான் சிறுமியாக இருந்தபோது, பிள்ளையார்பட்டிக்குப் போகிற பிள்ளையார் படங்களுக்கு அப்பா மரப்பலகை செதுக்குவார், சித்தப்பா அதில் மை தடவி அச்சடிப்பார், நனைத்த காகிதத்தை வழவழப்பான பக்கம் கீழே வர அடுக்குவது என் வேலை. ஒருநாள் அச்சில் தும்பிக்கை திட்டுத்திட்டாக விழுந்தது.

"மட்டக் காகிதத்த வாங்கிட்டு என் பலகையச் சொல்றியா?"

"ஆழம் பத்தலண்ணே. வேணும்னே செஞ்சீகளோ?"

அதன்பின் சித்தப்பா பலகையைத் தடவித் தடவிப் பார்ப்பதும், அப்பா ஒவ்வொரு தாளையும் வெயிலில் பிடித்துப் பார்ப்பதுமாக இருந்து, தை பிறக்குமுன் பட்டறைக்கு நடுவே சுவரே வந்துவிட்டது.

அன்றைக்குப் பராக்குப் பார்த்துக்கொண்டே, சொரசொரப்பான பக்கம் கீழே வரக் காகிதத்தை மாற்றி அடுக்கியவள் நான்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.