முகப்பில் விளக்கு எரியாத கப்பல்

அவன் பிறந்தது எட்டாம் மாதத்தில். இன்னும் ஒரு மாதம் உள்ளே இருந்திருந்தால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும்? பொறுக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் எங்கேயோ கிடக்கிறது. வீட்டிலும் தெருவிலும் அவன் எட்டுமாசம்தான். நாற்பத்தாறு வயதாகியும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரிதான் நடப்பான். கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே கை கழுவ எழுந்துவிடுவான். கல்யாண விஷயத்தில் மட்டும்தான் அவசரப்படவில்லை. அதிலாவது பட்டிருக்கலாம் என்பாள் அவன் அக்கா.

தொழில், லைட் போர்டு. கடைப் பெயரை அக்ரிலிக் ஷீட்டில் எழுத்து எழுத்தாக அறுத்து, பின்னால் எல்.ஈ.டி. பல்புகளை ஒட்டி எரியவிடுகிற வேலை. நாளைக்குக் கடை திறக்கிறோம், இன்றைக்கே போர்டு வேண்டும் என்று ஓடி வருகிறவர்களுக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. என்ன, இரண்டு மாதத்தில் ஓர் எழுத்து கண்ணடிக்க ஆரம்பிக்கும். "கண்ணடிச்சாத்தானே கடைக்கு ஆள் வரும்" என்று சிரித்துக்கொண்டே ஏணியோடு போய்ச் சரிசெய்துவிட்டு வருவான்.

அக்கா அப்படியே நேர் எதிர். அவனைவிட ஆறு வயது மூத்தவள். கட்டிக்கொண்டவர் இரண்டே வருஷத்தில் சாலை விபத்தில் போய்விட, தம்பி வீட்டுக்கு வந்தவள் இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான். துணி திருத்தித் தைக்கிற கடையில் வேலை. ஒரு பேண்ட்டின் அடியை மடித்துத் தைக்க மூன்று தடவை அளப்பாள். நாலாவது தடவை அளந்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பாள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு பைத்தியம்தான் இருந்தது. அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினைந்து. அப்போது ஒரு விண்வெளிப் படம் வந்து ஒரே வாரம் ஓடிவிட்டுப் போயிற்று. அணைந்துபோன சூரியனை விட்டு மனிதர்கள் ஒரு பெரிய கப்பலில் கிளம்புகிற கதை. கடைசிக் காட்சியில், உள்ளே தூங்குகிறவர்கள் ஒவ்வொருவராக விழிக்க விழிக்க, வாலிலிருந்து ஜன்னல்கள் வரிசையாக எரிந்துகொண்டு வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில் முகப்பு எரியும். முகப்பு எரிந்ததும் கப்பல் கிளம்பிவிடும். அவ்வளவுதான், படம் முடிந்தது.

முதல் தடவை போனபோது அவர்கள் முகப்பைப் பார்க்கவேயில்லை. ஜன்னல்கள் நடு வயிறு வரைக்கும் எரிந்துகொண்டு வரும்போதே, "பஸ் போயிடும்க்கா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டான் எட்டுமாசம். பஸ் அரை மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வந்தது. அந்த அரை மணி நேரமும் அக்கா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் திரும்பப் போய்த்தான் முகப்பைப் பார்த்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எடைக்குப் போட வைத்திருந்த சினிமாப் பத்திரிகைக் கட்டில் அக்கா ஒரு போட்டோவைக் கண்டெடுத்தாள். அந்தக் கப்பல்! நிஜத்தில் அது ஒரு மேசைமேல் இருந்த நாலடி மாடல். பக்கத்தில் யாரோ குடித்துவிட்டு வைத்த காபிக் கோப்பை. அந்தக் கோப்பையின் உயரத்தை வைத்தே அக்கா கப்பலின் ஒவ்வோர் அங்குலத்தையும் கணக்குப் போட்டுவிட்டாள். மூன்று மடங்கு பெரிதாக, பன்னிரண்டு அடியில் செய்வது என்று முடிவாயிற்று. எட்டுமாசம் அன்று சாயங்காலமே ஃபோம் ஷீட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். வைக்கத்தான் இடமில்லை. பக்கத்துத் தெரு டயர் கடைக்காரர், இவன் அண்ணே என்று கூப்பிடுகிறவர், தம் ஷெட்டில் பாதியைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "படத்துல பறந்த கப்பல் வேண்டாம்டா. மேசைமேல இருக்குதே, அந்த மாடல்தான் வேணும். அவங்க பண்ணின தப்போட."

மாடல்காரர்கள் அடி வயிற்றில் ஒரு பொம்மை லாரியின் சக்கரத்தை ஒட்டி ஒப்பேற்றியிருந்தார்கள். மூன்று மடங்கு பெரிய பொம்மைச் சக்கரத்துக்கு எங்கே போவது? டயர் அண்ணன் பழைய ஸ்கூட்டர் ரிம் ஒன்றைக் கொடுத்தார், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இடப்பக்க வரிசையில் ஏழாவது ஜன்னல் கோணலாக இருந்தது. அந்தக் கோணல் சரியாக வரும்வரை அக்கா மூன்று ஷீட்டில் துளை போட்டுப் பார்த்தாள். "கோணலைக்கூட நேரா போடணுமாம், கேட்டீங்களாண்ணே" என்று எட்டுமாசம் தலையில் அடித்துக்கொண்டான்.

ஜன்னல்கள் ஆயிரத்து நூற்று நாற்பது. ஒவ்வொன்றுக்கும் பென்சில் முனை கனத்தில் ஓர் ஒளி இழை. இழையின் ஒரு முனை ஜன்னலில், மறு முனை கப்பலுக்குள்ளே கட்டாகச் சேர்ந்து ஒரு பல்பின் முன்னால். பல்பு எரிந்தால் ஜன்னல் எரியும். உள்ளே கை நுழைகிற இடுக்குகளில் அக்காவின் கைதான் நுழையும் என்பதால் இழை கோக்கிற வேலை அவளுடையது. வெள்ளைப் பசை வைத்து இருபது இழைகளை ஒட்டுவாள். ஒரு ராத்திரி முழுக்க ஆறவிடுவாள். மறுநாள்தான் அடுத்த இருபது.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்குமா? ஆரம்பத்தில் ஒரு நாள், ஒரு நொடியில் ஒட்டுகிற பசையை வைத்து ஓர் இழையை ஒட்டிவிட்டு, "பாத்தியா, வேலை முடிஞ்சுது!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். மறுநாள் காலையில் அக்கா அந்த இழையை லேசாகத் தொட்டு வளைத்தாள். பட்டென்று உடைந்தது. அந்தப் பசை இழையின் பிளாஸ்டிக்கை அரித்துச் சுள்ளி மாதிரி ஆக்கிவிடும். உடைந்த இரண்டு துண்டையும் நூலில் கட்டிச் சுவர் ஆணியில் தொங்கவிட்டாள். "தினமும் இதைப் பாத்துட்டு வேலையைத் தொடு" என்றாள்.

முகப்பு ஒன்றுதான் பாக்கி, இருநூற்றுப் பன்னிரண்டு இழைகள். அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இனிமே இங்க வெச்சுப் பண்றதுக்கு ஒண்ணுமில்லை. வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எத்தனை நாள் டாக்டர்?"

"நாள் கணக்குதான். இத்தனைன்னு சொல்ல முடியாது."

உள்ளே வந்தால் அக்கா கேட்கிறாள். "டேய், வியாழக்கிழமை நேரா ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போ. முகப்பு எரியறதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போலாம். ஆனா அது பாக்கியில்ல இருக்கு?"

"அதெல்லாம் முடிச்சுட்டேன்க்கா." வாய் முந்திக்கொண்டது. அதுவும் எட்டுமாசம்தானே.

"வெள்ளைப் பசைதானே?"

"வெள்ளைப் பசைதான்."

பாவி, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு மூன்று பகல் ஷெட்டிலேயே கிடந்தான். ஒரு நொடியில் ஒட்டுகிற பசையில் பதினெட்டுக் குப்பி காலி. நுழையாத கையை இடுக்கில் திணித்துத் திணித்து ஒட்டியதில் விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தோல் உரிந்தது. ஆணியில் தொங்கிய இரண்டு துண்டையும் அவன் பார்க்காமல் இல்லை, பார்த்தான். ஒரு நாள் தாங்கினால் போதும், ஒரே ஒரு நாள் என்று அதனிடமே சொல்லிக்கொண்டான். புதன்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கி, ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான். வாலிலிருந்து முகப்பு வரை அத்தனையும் எரிந்தது. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அத்தோடு விட்டானா? வியாழக்கிழமை காலையில், அக்கா சக்கர நாற்காலியில் வந்தால் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கட்டும் என்று, டயர் அண்ணனையும் சேர்த்துக்கொண்டு கப்பலைத் தூக்கி முகப்பை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தான். இன்னொரு தடவை ஸ்விட்சைப் போட்டுப் பார்க்க நேரமில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அக்காவைக் கொண்டுவந்து கப்பலுக்கு எதிரே நிறுத்தினான். ஷட்டர் இறங்கியது. இருட்டில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. ஸ்விட்சைப் போட்டான். வால் எரிந்தது. அடி வயிறு எரிந்தது. ஏழாவது ஜன்னல் கோணலாக எரிந்தது. "அப்பாடா!" என்று அக்கா சின்னப் பெண் மாதிரி கையைத் தட்டினாள். நடு வயிறு, தோள், கழுத்து. முகப்பில் மூன்றே மூன்று ஜன்னல் எரிந்தது. மற்றதெல்லாம் கரி.

தூக்கித் திருப்பிய குலுக்கலில் உள்ளே அந்த மூன்றைத் தவிர அத்தனை இழையும் முறிந்துவிட்டிருந்தது. எட்டுமாசத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டான். ஒயரை ஆட்டினான். "இரு அக்கா, ஒரு நிமிஷம், இதோ, ஒரே நிமிஷம்..."

"அவசரப் பசையா?" என்றாள் அக்கா.

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். டயர் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னைக்கும் முகப்பைப் பாக்க விடாம இழுத்துட்டு ஓடினான். இன்னைக்கும் காட்டலை. பாத்தீங்களாண்ணே என் தம்பியை!" அக்கா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அடங்கியதும் அவன் தலையில் கையை வைத்தாள். "விடுடா. முகப்பு எரிஞ்சாத்தானே கப்பல் கிளம்பும்? இன்னும் கிளம்பலை. அவ்வளவுதான்."

பிரித்துச் சரிபண்ணிவிடுகிறேன் என்று அன்றைக்கே எழுந்தவனை அவள் போகவிடவில்லை. "அது எங்கேயும் ஓடிப்போகாது. நீ என் பக்கத்துல உக்காரு." உட்கார்ந்தான். சனிக்கிழமை அவள் கஞ்சி குடித்தாள். அதற்கடுத்த சனிக்கிழமைகூட எழுந்து உட்கார்ந்து, தானே தலை வாரிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பதினோரு நாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு அவன் கணக்குப் போட்டான். போடாமல் இருந்திருக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு இழை, ராத்திரிக்கு இருபது, பதினோரு ராத்திரி. டாக்டர் சொன்ன அந்தத் திங்கட்கிழமையே வெள்ளைப் பசையை எடுத்திருந்தால், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் முடிந்திருக்கும். அக்கா தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள். இதே நாற்காலியில் இதே ஷெட்டுக்கு அழைத்து வந்திருக்கலாம். அன்றைக்கும் பஸ் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. இந்தத் தடவையும் நேரம் இருந்தது. அவன்தான் நிற்கவில்லை. சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். டயர் அண்ணன் வந்து சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து முகப்பைப் பிரித்தான். முறிந்த இழைகளைச் சுரண்டி எடுத்தான். வெள்ளைப் பசை வைத்துப் புது இழை ஒன்றை ஒட்டினான். ஒன்றே ஒன்று. ஆறட்டும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் இன்னொன்று. அவனுடைய கை அந்த இடுக்குகளில் லேசில் நுழையாது, புறங்கை கீறி ரத்தம் வரும். துடைத்துக்கொண்டு ஒட்டினான். ஒரு நாளைக்கு ஒன்று வீதம் இருநூற்றுப் பன்னிரண்டு நாள். இந்த ஆளா என்று தெருவே வாயைப் பிளந்தது.

கடைசி இழையும் ஆறிய மறுநாள் டயர் அண்ணன் இரண்டு டீயோடு வந்தார். முகப்புக்குப் போகும் ஒயரின் இரண்டு முனையும் இணைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒயரை மாட்டிப் போட்டுப் பாரேன், எட்டுமாசம். உங்க அக்கா அவ்வளவு ஆசைப்பட்டாங்களே."

அவன் டீயை ஊதி ஊதி, மெதுவாகக் குடித்து முடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான்.

"வேண்டாம்ணே. அது எரிஞ்சா கப்பல் கிளம்பிடும்."

டயர் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அக்கா சொன்னதைக் கேட்டவர். தம்ளர்களை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார்.