ஒரே லாரி தனக்கு முன்னால் எப்படி நிற்கும்?

நான் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவன். படிப்பு நாலாம் வகுப்பு. ஒரு ராத்திரி, மறுநாள் கம்ப்யூட்டர் வேலைக்கான நேர்காணலில் விளக்க வேண்டிய ‘ரிகர்ஷன்’ என்ற புரோகிராம் உத்தியை என் மகள் என்னிடம் சொல்லிப் பழகினாள்.

“எண்ணூர் ரோட்டுல லாரி வரிசையா நிக்குது நைனா. உன் நம்பர் தெரியணும்னா முன்னாடி லாரிய கேளு. அவன் அவனுக்கு முன்னாடி நிக்கறவன கேப்பான். முதல் லாரி ‘ஒண்ணு’ம்பான். அப்பால ஒவ்வொருத்தனும் ஒண்ணு கூட்டிகினே பின்னாடி சொல்வான். ஆனா எல்லா லாரியும் ஒரே புரோகிராம்தான். தன்னையே கேட்டுக்கும்.”

ஒரே லாரியா? குழம்பிப்போய், வழக்கம்போல் தலையாட்டினேன்.

“மெய்யாலுமே புரிஞ்சுதா? நாளிக்கு இப்டித்தான் சொல்லப் போறேன்.”

அவள் வேலை கெட்டுவிடுமோ என்ற பயத்தில் முதல்முறையாக, “புரியலம்மா” என்றேன்.

சிரித்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடியும் ஆரம்பித்தாள். அது இன்றும் எனக்குப் பாதிதான் புரிகிறது. இத்தனை வருடமும் தலையாட்டியே அவளைச் சீக்கிரம் எழுந்துபோக விட்டிருக்கிறேன் என்பது மட்டும் அன்று புரிந்தது.